அரசியல் கற்பிப்பவருக்கு அரசியல் உண்டா?

1837 நவம்பர் 18ஆம் தேதி ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் ஏழு பேராசிரியர்கள் ஒரு கடிதத்தில் கையெழுத்திட்டார்கள். அந்த ஆண்டுதான் அரியணை ஏறியிருந்த ஹானோவர் அரசர் எர்ன்ஸ்ட் ஆகஸ்ட், 1833ஆம் ஆண்டின் அரசியலமைப்பைச் செல்லாது என்று அறிவித்திருந்தார். கடிதத்தை முன்னின்று எழுதியவர் ஃபிரெட்ரிக் டால்மன். அரசியல் கற்பித்தவர், செல்லாது என்று அறிவிக்கப்பட்ட அரசியலமைப்பின் வரைவில் பங்கெடுத்தவரும்கூட. அந்த அரசியலமைப்பின் பேரில் எடுத்த உறுதிமொழி எங்களை இன்னும் கட்டுப்படுத்துகிறது, உறுதிமொழியோடு விளையாடுகிறவர் என்று மாணவர்கள் நினைக்கும் ஆசிரியரின் சொல்லுக்கு வகுப்பில் என்ன மதிப்பு இருக்கும் என்பது அவர்களுடைய வாதம். மாணவர்கள் அதைப் படியெடுத்துப் பரப்பினார்கள். டிசம்பரில் ஏழு பேரும் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள். டால்மன், யாக்கோப் கிரிம், கெர்வினஸ் ஆகிய மூவருக்கு நாட்டைவிட்டு வெளியேற மூன்று நாள் அவகாசம் தரப்பட்டது.

அரசியலைக் கற்பிப்பவருக்கு அரசியல் இருக்கலாமா? இருக்கலாம் என்றால் அது வகுப்பறைக்குள்ளா, வெளியிலா, அரசாங்கத்தின் பக்கத்திலா, எதிரிலா? இந்தக் கேள்வி துறை அளவுக்கே பழையது. சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தில் யோஹன் ஷித்தே 1622இல் ஏற்படுத்திய இருக்கைதான் அரசியல் கற்பிப்பதற்கான மிகப் பழைய பேராசிரியர் பதவியாகக் கருதப்படுகிறது. அதன் பெயரிலேயே அரசியலும் பேச்சுக்கலையும் சேர்ந்திருந்தன. அறிவதும் மேடையேறிப் பேசுவதும் ஒரே வேலை என்ற நம்பிக்கை அதில் தெரிகிறது. அவை இரண்டும் வேறு வேலைகள் என்ற எண்ணம் பிறகுதான் வந்தது.

வேதியியல் பேராசிரியரிடம் எந்த அமிலத்தை ஆதரிக்கிறீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. அரசியல் அறிவியல் பேராசிரியரின் ஆய்வுப்பொருளோ அவருக்குச் சம்பளம் தருகிறது, அவரை இடமாற்றம் செய்கிறது, சில நேரம் கைதும் செய்கிறது. இந்தச் சிக்கலுக்குக் கடந்த இரு நூற்றாண்டுகளில் சொல்லப்பட்ட விடைகளை நான்காகத் தொகுக்கலாம். ஒவ்வொன்றும் எங்கே பிறந்தது, எங்கே தடுமாறுகிறது என்று பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம். நான்கு விடைகளும் பேசாமல் கடந்துபோகும் ஒரு முன்நிபந்தனையைப் பற்றி இறுதியில் பேச வேண்டியிருக்கிறது.

முதல் விடை: வகுப்பில் விலகி நில்

இந்த விடையின் பெயர் பெற்ற குரல் ஜெர்மன் சமூகவியலாளர் மாக்ஸ் வேபருடையது. 1917 நவம்பர் 7ஆம் தேதி மியூனிக்கில், ஒரு புத்தகக் கடையைச் சேர்ந்த அரங்கில், சுயேச்சை மாணவர் அமைப்பின் அழைப்பில் ‘அறிவியல் ஒரு வாழ்பணியாக’ என்ற உரையை அவர் நிகழ்த்தினார். ரஷ்யாவில் போல்ஷெவிக்குகள் ஆட்சியைப் பிடித்த அதே நாள். போரும் புரட்சியும் சூழ்ந்திருந்த அந்த வேளையில் இளைஞர்கள் வழிகாட்டியைத் தேடி வந்திருந்தார்கள். வழிகாட்டியை விரிவுரை மேடையில் தேடாதீர்கள் என்றார் வேபர். பொதுக்கூட்டத்தில் எதிர்த்துப் பேச முடியும். வகுப்பில் மாணவர் தேர்வுக்காக அமர்ந்திருக்கிறார், வாய்மூடிக் கேட்டாக வேண்டியவர். பேச்சுரிமையற்ற அவையில் தன் கட்சியை விற்பது பொறுப்பின்மை என்பது அவர் வாதம். ஒவ்வொரு கட்சிக்காரரும் தன் கட்சிக்கு ஒவ்வாத உண்மைகளை முகம்கொடுத்துப் பார்க்கப் பழக்குவதே ஆசிரியரின் முதல் கடமை என்றும் சொன்னார்.

இந்த நிலைப்பாட்டை வெறும் ஒதுங்கல் என்று படிப்பது பிழையாகலாம். ராபர்ட் மிஷெல்ஸ் சமூக ஜனநாயகக் கட்சிக்காரர் என்பதால் ஜெர்மன் பல்கலைக்கழகங்களில் கற்பிக்கும் தகுதி பெற வழியில்லாமல் 1907இல் டூரினுக்குப் போனார். அதைக் கண்டித்துப் பகிரங்கமாக எழுதியவர் வேபர். இரண்டையும் சேர்த்து வைத்தால் ஒரு உடன்படிக்கை தெரிகிறது. ஆசிரியரின் கட்சி எது என்று அரசு கேட்கக் கூடாது. பதிலுக்கு ஆசிரியர் வகுப்பில் கட்சி பரப்பக் கூடாது. நடுநிலை இங்கே ஆசிரியரின் கேடயமும் ஆகிறது.

பலவீனங்கள் இரண்டு. முதலாவது கோட்பாட்டுச் சிக்கல். எதை ஆராய்வது என்ற தேர்விலேயே மதிப்பீடு நுழைந்துவிடுகிறது என்பதை வேபரே ஒப்புக்கொண்டவர். லியோ ஸ்ட்ராஸ் 1953இல் வெளியிட்ட ‘இயற்கை உரிமையும் வரலாறும்’ நூலில் இன்னும் தூரம் போனார். வதைமுகாமில் நடப்பதை உள்ளபடி விவரிக்க முயலும் எவரும் ‘கொடூரம்’ என்ற சொல்லைத் தவிர்க்க முடியாது. தவிர்த்தால் விவரணையே பொய்யாகும் என்பது அவருடைய தாக்குதல். இரண்டாவது நடைமுறைச் சிக்கல். பவேரியப் பிரதமர் குர்ட் ஐஸ்னரைக் கொன்றவனின் மரண தண்டனை 1920 ஜனவரியில் குறைக்கப்பட்டபோது, மியூனிக்கில் பேராசிரியராக இருந்த வேபர் அதைத் தன் வகுப்பிலேயே கண்டித்தார். அடுத்த வகுப்பில் தேசியவாத மாணவர்கள் கூச்சலிட்டு அவரைப் பேசவிடாமல் செய்தார்கள். விதியை வகுத்தவராலேயே எல்லா நாளும் அதற்குள் நிற்க முடியவில்லை. அதைக் கொண்டு விதியே தவறு என்று முடிவுகட்டவும் முடியாது. விதிவிலக்கை எப்போது, யார் தீர்மானிப்பது என்பதற்கு மட்டும் வேபரிடம் விடை இல்லை.

இரண்டாவது விடை: துறையை அறிவியலாக்கு

விலகி நிற்பதை ஆசிரியரின் மனக்கட்டுப்பாட்டுக்கு விட்டுவிடாமல் முறையியலுக்குள்ளேயே பொருத்திவிடலாம் என்று நம்பியவர்கள் அமெரிக்கர்கள். அமெரிக்க அரசியல் அறிவியல் சங்கம் 1903இல் தோன்றியது. சிகாகோவில் சார்லஸ் மெரியம் 1920களில் தொடங்கிவைத்த போக்கு, இரண்டாம் உலகப் போருக்குப் பின் ‘நடத்தையியல்’ என்ற பெயரில் துறையின் பொதுநெறியானது. அரசியலமைப்பு வாசகங்களை விடுத்து வாக்காளர் எப்படி நடந்துகொள்கிறார் என்று அளப்பது. கருத்துக்கணிப்பு, புள்ளியியல் வழியே யாரும் சரிபார்க்கக்கூடிய முடிவுகளுக்கு வருவது. இந்த நெறியில் பேராசிரியரின் சொந்தக் கட்சி பொருட்டில்லை; அளவுகோல் எல்லோருக்கும் பொது.

இதன் ஆதாயத்தைக் குறைத்து மதிப்பிட முடியாது. தேர்தல் முடிவை ஊகத்தால் விளக்குவதை விட்டுத் தரவால் விளக்கும் வழக்கம் இதனால் வந்ததுதான். இந்தியாவில் ரஜனி கோத்தாரி 1963இல் டெல்லியில் நிறுவிய வளரும் சமூகங்கள் ஆய்வு மையம் இந்தப் பாதையில் முன்னோடி. சாதி அரசியலைக் கெடுக்கிறது என்ற வழமையான புலம்பலை விட்டு, அரசியல் சாதியை என்ன செய்கிறது என்று அவர் கேட்டதற்குப் பின்னால் இந்த அனுபவவாதப் பயிற்சி இருந்தது.

ஆனால் அளவுகோலும் ஓர் ஊரில் பிறந்ததுதான். இதைத் தெளிவாகக் காட்டும் அனுபவம் தஞ்சாவூர் மாவட்டத்தில் கிடைத்தது. அமெரிக்க அறிஞர்களான லாயிட் ருடால்ஃபும் சூசன் ருடால்ஃபும் 1957 வாக்கில் அன்றைய சென்னை மாநிலத்தில் கருத்துக்கணிப்பு நடத்தினார்கள். பதில் சொல்பவரைத் தனியாக அமர்த்திக் கேட்க வேண்டும், அருகில் யாரும் இருக்கக் கூடாது என்பது கணிப்பு நூல்களின் விதி. கிராமத்தில் அப்படித் தனியிடம் வாய்க்கவில்லை. வீட்டாரும் அக்கம்பக்கத்தாரும் சூழ்ந்துகொண்டார்கள். கேட்கப்பட்டவரும் அவர்களைக் கலந்துகொண்டுதான் பதில் சொன்னார். கருத்து என்பது தனி மனிதர் தலைக்குள் இருக்கும் சரக்கு என்ற எண்ணத்தையே அந்தத் திண்ணைகள் கேள்விக்குள்ளாக்கின. ருடால்ஃப் இணையர் 1967இல் வெளியிட்ட ‘மரபின் நவீனத்துவம்’ நூலில் வன்னியர் சங்கம் போன்ற சாதிச் சங்கங்கள் ஜனநாயக அரசியலின் கருவிகளாக மாறியதை விளக்கினார்கள். அமெரிக்க அரசியல் அறிவியல் சங்கத்தின் தலைவராகப் பிற்காலத்தில் பொறுப்பேற்ற சூசன் ருடால்ஃப், தன் தலைமையுரையில் மீண்டும் அந்தக் கள அனுபவத்துக்கே திரும்பினார். ஓரிடத்தின் வகைப்பாடுகளை மற்ற இடங்களின் மேல் சுமத்துவதை ஒருவித ஏகாதிபத்தியம் என்று அவர் அழைத்தார்.

உள்ளிருந்தே எழுந்த கலகங்களும் உண்டு. வியட்நாம் போரும் கறுப்பினத்தவர் போராட்டமும் அமெரிக்காவை உலுக்கியபோது துறை வாக்களிப்பு அட்டவணைகளில் மூழ்கியிருந்ததாகக் குற்றம்சாட்டி 1967இல் ‘புதிய அரசியல் அறிவியல்’ அணி உருவானது. நடத்தையியலின் முக்கியக் கோட்பாட்டாளரான டேவிட் ஈஸ்டனே 1969இல் தன் தலைமையுரையில் சமகாலப் பொருத்தமும் செயலும் வேண்டும் என்றார். 2000ஆம் ஆண்டில் ‘மிஸ்டர் பெரஸ்த்ரோய்கா’ என்ற புனைபெயரில் வந்த ஒரு மின்னஞ்சல், கணித மாதிரிகள் மட்டுமே அறிவு என்று துறை இதழ்கள் நடந்துகொள்வதாகச் சாடியது. பெயரை மறைத்துத்தான் எழுத வேண்டியிருந்தது என்பதே ஒரு சேதி. முறையியலின் நடுநிலைக்குள்ளும் யாருக்கு வேலை, யாருடைய கட்டுரைக்கு இடம் என்ற அதிகாரம் இயங்குகிறது.

மூன்றாவது விடை: குடிமக்களை உருவாக்கு

லண்டன் பொருளாதாரப் பள்ளியில் 1926 முதல் 1950 வரை பேராசிரியராக இருந்த ஹெரால்ட் லாஸ்கி இந்த விடையின் உருவம். வி. கே. கிருஷ்ண மேனன், கே. ஆர். நாராயணன் முதலான இந்திய மாணவர்கள் வழியாக அவருடைய செல்வாக்கு நம் நாட்டுக்கும் வந்தது. 1945–46இல் அவர் தொழிற்கட்சியின் தலைவர். கற்பித்தலையும் கட்சிப்பணியையும் ஒரே கடமையின் இரு கைகளாகவே பார்த்தார்.

அதற்கு அவர் கொடுத்த விலை நீதிமன்றத்தில் தெரிந்தது. 1945 தேர்தல் பிரசாரத்தின்போது நியூவார்க் நகரக் கூட்டத்தில் வன்முறைப் புரட்சியை ஆதரித்துப் பேசியதாக ஒரு பத்திரிகை எழுதியது. லாஸ்கி அவதூறு வழக்குத் தொடுத்தார். 1946இல் தலைமை நீதிபதி கொடார்டு முன் விசாரணை நடந்தபோது எதிர்த்தரப்பு வழக்கறிஞர் பாட்ரிக் ஹேஸ்டிங்ஸ் கையில் எடுத்தவை லாஸ்கியின் புத்தகங்கள். ‘சீர்திருத்தம் மறுக்கப்பட்டால் புரட்சி வரக்கூடும்’ என்று ஆய்வாளர் எழுதுவது முன்கணிப்பு. அதே ஆள் கட்சி மேடையில் சொன்னால் அது அச்சுறுத்தலாகக் கேட்கும். இரண்டையும் பிரித்துக்காட்ட லாஸ்கியால் முடியவில்லை. வழக்கில் தோற்றார்.

அவருக்குப் பின் அதே இருக்கைக்கு வந்தவர் மைக்கேல் ஓக்ஷாட். 1951இல் ‘அரசியல் கல்வி’ என்ற தொடக்க உரையில் லாஸ்கி விட்ட இடத்துக்கு நேர் எதிர்த்திசையில் போனார். அரசியல் என்பது ஒரு சமூகம் தன் மரபுகளைக் கவனித்துச் செப்பனிடுவது. அதற்குச் சூத்திரங்கள் தரும் வேலை பல்கலைக்கழகத்துடையது அன்று என்பது அவர் நிலை. ஒரே நாற்காலி, அடுத்தடுத்து, இரு எதிரெதிர் விடைகளைத் தாங்கியது.

இந்தியாவில் இந்த விவாதத்தின் அண்மைக்கால அத்தியாயம் பள்ளிப் பாடநூல்களில் எழுதப்பட்டது. 2005ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்டத்தைத் தொடர்ந்து வந்த அரசியல் அறிவியல் பாடநூல்களுக்கு யோகேந்திர யாதவும் சுஹாஸ் பல்ஷிகரும் தலைமை ஆலோசகர்களாக இருந்தார்கள். பழைய ‘குடிமையியல்’ அரசின் உறுப்புகளைப் பட்டியலிட்டு மனப்பாடம் செய்யவைத்தது. புதிய நூல்கள் கார்ட்டூன்களையும் சர்ச்சைகளையும் வைத்து மாணவரைக் கேள்வி கேட்கச் சொல்லின. 2012 மே மாதத்தில், நத்தை மேல் அமர்ந்த அம்பேத்கரையும் பின்னால் நேருவையும் சங்கர் 1949இல் வரைந்து, இந்நூல்களில் ஒன்றில் இடம்பெற்ற கார்ட்டூன் நாடாளுமன்றத்தை ஸ்தம்பிக்க வைத்தது. அம்பேத்கரை இழிவுபடுத்துகிறது என்று எதிர்ப்பு எழுந்தது. ஆலோசகர்கள் இருவரும் விலகினார்கள். பூனா பல்கலைக்கழகத்தில் பல்ஷிகரின் அலுவலகம் தாக்கப்பட்டது.

அடுத்த மாதம் சர்ச்சை தமிழ்நாட்டுக்கு வந்தது. 1965 இந்தி எதிர்ப்புப் போராட்ட மாணவர்களைச் சித்திரித்த ஆர். கே. லக்ஷ்மண் கார்ட்டூன் ஒன்று பன்னிரண்டாம் வகுப்பு நூலில் இருந்தது. அதை நீக்கக் கோரி மு. கருணாநிதி உள்ளிட்ட தலைவர்கள் குரல் கொடுத்தார்கள். படங்களை ஆராய அமைந்த சுக்தேவ் தோரட் குழுவின் பெரும்பான்மை பலவற்றை நீக்கவோ மாற்றவோ பரிந்துரைத்தது. மாற்றுக்குறிப்பு எழுதியவர் எம். எஸ். எஸ். பாண்டியன். திராவிட இயக்க அரசியலை ஆழ்ந்த பரிவோடு ஆராய்ந்த அறிஞர் அவர். கேலிக்குள்ளான தரப்பின் மேல் பரிவு கொண்ட ஒருவர், அந்தக் கேலியைப் பாடநூலிலிருந்து நீக்க ஒப்பவில்லை. தன் தரப்புக்கு ஒவ்வாததை முகம்கொடுத்துப் பார்ப்பது என்று வேபர் சொன்னதற்குத் தமிழ்நாட்டிலிருந்து கிடைக்கும் நல்ல எடுத்துக்காட்டு இது எனலாம்.

எதிர்த்தரப்பின் கேள்வியையும் லேசாகத் தள்ள முடியாது. பதினாறு வயது தலித் மாணவர், மற்றவர்கள் சிரிக்கும் வகுப்பில் அந்த அம்பேத்கர் படத்தை எப்படிப் பார்ப்பார்? வகுப்பறை ஏற்கெனவே சமமற்ற இடமாக இருக்கும்போது ‘விமர்சனச் சிந்தனை’யின் சுமை எல்லோர் தோளிலும் சமமாக விழுவதில்லை. குடிமக்களை உருவாக்கு என்ற விடை, எந்தக் குடிமகனை மனத்தில் வைத்து என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. 2023இல் பாடநூல்களிலிருந்து பல பகுதிகள் நீக்கப்பட்டபோது, தங்கள் பெயர்களையும் எடுத்துவிடும்படி அதே இரு ஆலோசகர்களும் கேட்டுக்கொண்டார்கள். பாடநூலின் கடைசிச் சொல் அதை எழுதிய பேராசிரியருடையதாக இருப்பதில்லை என்பது இரு வேறு ஆட்சிகளில் தெரிந்தது.

நான்காவது விடை: அரசுக்கு அறிவு சொல்

கௌடில்யர் முதல் மாக்கியவெல்லி வரை அரசியல் சிந்தனையின் பழைய வேலை இதுதான். நவீனப் பல்கலைக்கழகத்திலும் அது தொடக்கத்திலேயே வந்துவிட்டது. 1857இல் கொலம்பியா கல்லூரிக்கு வந்து வரலாறும் அரசியல் அறிவியலும் கற்பித்த ஃபிரான்சிஸ் லீபர், அமெரிக்க உள்நாட்டுப் போரில் லிங்கன் அரசுக்காக 1863இல் போர் நடத்தை விதிகளை வகுத்தார். பின்னாளின் சர்வதேசப் போர்ச் சட்டங்களுக்கு அது முன்மாதிரி. உட்ரோ வில்சன் ஆலோசனை சொல்வதோடு நிற்கவில்லை. பிரின்ஸ்டனில் பேராசிரியர், துறைச் சங்கத்தின் தலைவர், 1913இல் நாட்டின் அதிபர்.

ஆபத்து எங்கே தொடங்குகிறது என்பதை 1965 காட்டியது. வளரும் நாடுகளில் கிளர்ச்சி எப்போது வெடிக்கும் என்று கணிப்பதற்காக அமெரிக்க இராணுவத்தின் நிதியில் சமூக அறிவியலாளர்களைத் திரட்டிய ‘காமிலாட் திட்டம்’, சிலி நாட்டில் விஷயம் வெளிப்பட்டு எதிர்ப்பு கிளம்பியதும் கைவிடப்பட்டது. கிளர்ச்சியை ஆராய்வதற்கும் அடக்க உதவுவதற்கும் இடையிலான கோடு, பணம் கொடுப்பவர் யார் என்பதைப் பொறுத்து அழியக்கூடியது. அதே காலத்தில் ஹான்ஸ் மார்கெந்தாவ் வியட்நாம் போரைப் பகிரங்கமாக எதிர்த்து, அரசின் ஆலோசகர் என்ற தகுதியை இழந்தார். ஆலோசகருக்குக் கேட்கப்படும் வரைதான் மதிப்பு. கேட்க விரும்பாததைச் சொன்னால் கதவு சாத்தப்படும்.

தமிழர்களுக்கு மிக அருகில் இருக்கும் எடுத்துக்காட்டு ஏ. ஜெயரத்தினம் வில்சன். இலங்கையின் பேராதனையில் அரசறிவியல் கற்பித்து, 1972இல் கனடாவின் நியூ பிரன்சுவிக் பல்கலைக்கழகத்துக்குச் சென்றவர்; இலங்கைத் தமிழர் தலைவர் தந்தை செல்வாவின் மருமகன். 1978 முதல் 1983 வரை இலங்கை அதிபர் ஜே. ஆர். ஜெயவர்தனவுக்கும் தமிழர் விடுதலைக் கூட்டணிக்கும் இடையில் தூதராகச் செயல்பட்டார். மாவட்ட அபிவிருத்திச் சபைகளைப் பரிந்துரைத்த ஆணைக்குழுவிலும் இடம்பெற்றார். அதிகாரப் பகிர்வைப் பற்றி ஏட்டில் எழுதியவருக்கு அதை நடைமுறையில் செய்துபார்க்கும் வாய்ப்பு அமைந்தது. அந்தச் சபைகளுக்கான 1981 தேர்தல் வேளையில்தான் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது. 1983 ஜூலையில் தமிழருக்கு எதிராக நடந்த வன்முறையோடு எல்லாம் முறிந்தது. 1980இல் புதிய அரசியலமைப்பை ‘ஆசியாவில் ஒரு கோலிச முறை’ என்று நிதானமாக ஆராய்ந்த அதே கை, 1988இல் எழுதிய நூலுக்கு ‘இலங்கையின் உடைவு’ என்று தலைப்பிட்டது.

வில்சன் பயன்படுத்தப்பட்டார் என்பார் உண்டு. முயலாமல் இருந்திருந்தால்தான் பிழை என்பாரும் உண்டு. இரண்டுக்கும் சான்றுகள் காட்டலாம். ஒன்று மட்டும் தெளிவு: அந்தப் பேச்சுவார்த்தைகளை உள்ளிருந்து பார்த்தவரின் பதிவு என்பதால்தான் அவருடைய பிற்கால நூல்களுக்கு இன்றும் மதிப்பு. ஆலோசகராக அவர் தோற்ற இடம் ஆய்வாளராக அவருக்குக் கிடைத்த ஆவணக் காப்பகம்.

தமிழ்நாட்டின் ஒரு முரண்

தமிழ்நாட்டு அரசியலில் அடைமொழியில்லாமல் ‘பேராசிரியர்’ என்றால் அது க. அன்பழகனைக் குறித்தது. பச்சையப்பன் கல்லூரியில் 1944 முதல் 1957 வரை அவர் கற்பித்தது தமிழ். 1965இல் மொழிப் போராட்டத்துக்காகக் கைதான சி. இலக்குவனாரும் தமிழ்ப் பேராசிரியரே. பேராசிரியரின் மேடை இங்கு வலுவாகவே இருந்தது. அதில் ஏறியவர்கள் பெரும்பாலும் தமிழ்த் துறையிலிருந்து வந்தார்கள். அரசியல் அறிவியல் துறையிலிருந்து மிகக் குறைவு.

காரணங்களை உறுதியாகச் சொல்வது கடினம். மொழியே அரசியலின் மையமான இடத்தில் மொழியாசிரியருக்குக் கிடைத்த அதிகாரம் ஒன்றாகலாம். அரசியல் அறிவியல் நீண்ட காலம் ஆங்கிலத்தில், பிரிட்டிஷ் நாடாளுமன்ற முறையையும் மேலைச் சிந்தனையாளர்களையும் மையமாக வைத்துக் கற்பிக்கப்பட்டது இன்னொன்றாகலாம். ஏ. அப்பாதுரை 1942இல் வெளியிட்ட ‘அரசியலின் சாரம்’ போன்ற தெளிவான ஆங்கிலப் பாடநூல்கள் தலைமுறைகளை வளர்த்தன. அதே காலத்தில் தெருவில் நடந்த பெரும் அரசியல் மாற்றத்துக்கான சொற்களைத் துறை அளிக்கவில்லை. அண்மைக் காலத்தில் போட்டித் தேர்வுக்கான பாடம் என்ற அடையாளமும் சேர்ந்துகொண்டது. பின்னாளில் திராவிட இயக்கத்தைப் பற்றி ஆழமாக எழுதியவர்களில் பலர் வரலாறு, பொருளியல், மானுடவியல் போன்ற பிற துறைகளிலிருந்து வந்தார்கள் என்பது இந்த இடைவெளியை உறுதிப்படுத்துகிறது.

சொல்லாமல் விட்ட முன்நிபந்தனை

மேலே கண்ட நான்கு விடைகளும் பேராசிரியருக்கு ஒரு நாற்காலி இருக்கிறது என்று எடுத்துக்கொள்கின்றன. வேபர் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. அவருடைய புகழ்பெற்ற உரையின் தொடக்கப் பகுதி சம்பளத்தைப் பற்றியது. ஜெர்மனியின் ‘பிரிவாட்டொசென்ட்’ சம்பளமில்லாமல், மாணவர் கட்டணத்தை மட்டும் நம்பி, நிரந்தர இருக்கைக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருக்கிறார். அமெரிக்க உதவியாளருக்குச் சம்பளம் உண்டு, எப்போதும் வேலைபோகும் பயமும் உண்டு. திறமையைவிட அதிர்ஷ்டமே அதிகம் தீர்மானிக்கிறது என்று ஒளிக்காமல் சொல்லிவிட்டுத்தான் அவர் வாழ்பணியின் உள்ளார்ந்த பொருளுக்கு வந்தார். பின்வந்த விவாதம் இரண்டாம் பாதியை எடுத்துக்கொண்டு முதல் பாதியைப் பெரும்பாலும் மறந்துவிட்டது.

பணிப்பாதுகாப்பு ஒரு போராட்டத்தின் விளைவு. 1900இல் எட்வர்ட் ராஸ் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்திலிருந்து, நிறுவனரின் மனைவி ஜேன் ஸ்டான்ஃபோர்டின் வற்புறுத்தலால் வெளியேற்றப்பட்டார். அதற்கு உடனடிக் காரணமான, ஆசியர் குடியேற்றத்துக்கு எதிரான அவருடைய பேச்சு இன்று ஏற்கத்தக்கதன்று. கல்விச் சுதந்திரத்தின் தொடக்க வழக்குகள் எப்போதும் நல்லவர்களின் வழக்குகளாக இருக்கவில்லை. ராஸின் வெளியேற்றத்தைக் கண்டித்து விலகிய ஆர்தர் லவ்ஜாயும் மற்றவர்களும் 1915இல் அமெரிக்கப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சங்கத்தை நிறுவினார்கள். காரணமின்றி நீக்க முடியாத பணி என்ற ஏற்பாடு அங்கு வேரூன்றியது. இன்று அந்த ஏற்பாடு சுருங்கிவருகிறது. அதே சங்கத்தின் கணக்கில் 1987இல் பாதிக்கும் சற்றுக் குறைவாக இருந்த தற்காலிக ஆசிரியர் பங்கு, 2021இல் மூன்றில் இரண்டாக உயர்ந்திருந்தது.

இந்தியாவில் பாதை வேறு, முட்டுச்சந்து அதேதான். முதுகலை முடித்தவர் 1989 முதல் நடக்கும் நெட் அல்லது மாநில அளவிலான செட் தேர்வில் தேற வேண்டும். பல்கலைக்கழக உதவிப் பேராசிரியருக்கு முனைவர் பட்டம் கட்டாயம் என்று 2018இல் விதித்த பல்கலைக்கழக மானியக் குழு, தள்ளிப்போட்டு 2023இல் அதைத் தளர்த்தியது. அதை நம்பி ஆய்வில் இறங்கியவர்களின் ஆண்டுகளை யாரும் திருப்பித் தரப்போவதில்லை. நிரந்தரப் பணி கிடைத்தால் ஏழாவது ஊதியக் குழுவின்படி அடிப்படைச் சம்பளம் 57,700 ரூபாயில் தொடங்குகிறது. கிடைக்காதவர் கௌரவ விரிவுரையாளர். மானியக் குழு 2019இல் ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதத்துக்கு உச்சமாக 50,000 ரூபாய் என்று வரையறுத்தது. தமிழ்நாட்டு அரசுக் கல்லூரிகளில் கைக்கு வருவது அதைவிட வெகு குறைவு. அதே பாடத்திட்டம், அதே விடைத்தாள் கட்டு. ‘கௌரவம்’ என்ற சொல் மட்டும் இவருக்குக் கூடுதல்.

நிரந்தரப் பணியிலும் எல்லைகள் உண்டு. அரசுக் கல்லூரி ஆசிரியர் 1973ஆம் ஆண்டின் தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகளுக்கு உட்பட்டவர். கட்சி அரசியலில் பங்கேற்கவோ அரசைப் பகிரங்கமாக விமர்சிக்கவோ தடை. உதவிபெறும் கல்லூரி ஆசிரியருக்கு 1976ஆம் ஆண்டின் தனியார் கல்லூரிகள் ஒழுங்குமுறைச் சட்டம் நிர்வாகத்தின் விருப்புக்கேற்ப நீக்கப்படுவதிலிருந்து ஓரளவு பாதுகாப்பு தந்தது. சுயநிதிப் பிரிவில் கற்பிப்பவருக்கு நடைமுறையில் அந்தப் பாதுகாப்பும் மங்கலாகவே எட்டுகிறது. கூட்டாட்சி, அடிப்படை உரிமைகள், கருத்துச் சுதந்திரம் ஆகியவற்றை வகுப்பில் நடத்தும் மூவருக்கும் அந்த உரிமைகள் மூன்று அளவில் கிடைக்கின்றன.

இந்த நிலையில் ‘விலகி நில்’ என்ற அறிவுரை தற்காலிக ஆசிரியரிடம் போய்ச் சேரும்போது ‘வாயைத் திறக்காதே’ என்றாகிவிடுகிறது. ‘துணிந்து பேசு’ என்ற அறிவுரை ‘அடுத்த ஆண்டு ஒப்பந்தம் வேண்டாம் என்று எழுதிக் கொடு’ என்பதற்குச் சமம். நடுநிலையும் ஈடுபாடும் தேர்வுகளாக இருக்க வேண்டுமானால், தேர்ந்துவிட்டு மறுநாளும் வேலைக்கு வரக்கூடிய ஒருவர் இருக்க வேண்டும்.

மதிப்பீடு

நான்கு விடைகளையும் ஒப்புநோக்கினால், எதையும் முழுதாக விலக்க முடியவில்லை. வகுப்பில் மாணவரின் வாய் கட்டப்பட்டிருக்கிறது என்ற வேபரின் கவனிப்புக்கு இன்றும் மறுப்பில்லை. நடத்தையியல் மரபு ஊகங்களைக் களைந்தது. தன் ஊகங்களை மட்டும் தாமதமாகவே கண்டுகொண்டது. குடிமைக் கல்வியின் நியாயம் வலுவானது, அதன் சுமை யார்மேல் விழுகிறது என்ற கணக்கு நிலுவையில் இருக்கிறது. ஆலோசனை மரபு அறிவுக்குச் செயலாகும் வாய்ப்பைத் தருகிறது, விலகும் நேரத்தைத் தீர்மானிக்கும் உரிமையைப் பெரும்பாலும் ஆட்சியாளர் கையில் விடுகிறது.

திறந்தே கிடக்கும் கேள்விகள் குறைந்தது மூன்று. வகுப்பு, ஆய்வு, பொதுவெளி ஆகிய மூன்றுக்கும் ஒரே நெறி பொருந்துமா, தனித்தனி நெறிகள் வேண்டுமா? மாணவர் கைப்பேசியில் விரிவுரை பதிவாகி அன்று மாலையே ஊர் முழுக்கப் பரவும் காலத்தில், வகுப்பறையும் பொதுமேடையும் வெவ்வேறு இடங்கள் என்ற வேபரின் அடித்தளம் இன்னும் நிற்கிறதா? மூன்றாவது கேள்வி இக்கட்டுரை வலியுறுத்திய பணிப்பாதுகாப்பையே தொடுகிறது: பாதுகாப்பு கிடைத்தால் துணிவு வந்துவிடுமா?

மூன்றாவதற்கு எளிய ‘ஆம்’ கிடையாது. நிரந்தரப் பணியிலிருந்து ஒரு சொல்லும் பேசாமல் ஓய்வுபெற்றவர்கள் எல்லா நாடுகளிலும் ஏராளம். பாதுகாப்பு இல்லாமல் பேசுபவர்களை நம்பி ஒரு துறையைக் கட்ட முடியாது. பாதுகாப்பு மட்டும் இருந்தால் போதும் என்று சொல்லவும் சான்றில்லை. கோட்டிங்கனில் 1837இல் கையெழுத்திட்டவர்கள் ஏழு பேர். அதே பல்கலைக்கழகத்தில் அதே உறுதிமொழியின் கீழ் அதே போன்ற இருக்கைகளில் இருந்த மற்றப் பேராசிரியர்கள் அவர்களைவிடப் பன்மடங்கு. அந்த மற்றவர்களில் பெரும்பாலோர் அதன் பிறகும் வழக்கம்போல் வகுப்பெடுத்தார்கள்.